சோளகக் காற்றைப் பிடித்து வைக்க முடியுமா?

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி தாண்டியதும் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததுதான் காரணம் என்று முதலில் சொன்னார்கள், நாடே சிரித்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு வந்தபோது மின்சார சபை இன்னும் விசித்திரமான ஒரு வேண்டுகோளை விடுத்தது: கூரையில் சோலர் வைத்திருப்பவர்கள் விடுமுறை நாட்களில் பகல் மூன்று மணி வரை அதை நிறுத்தி வையுங்கள். 2022-இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் இருந்த அதே நாடு இது.

இதற்கிடையில் மன்னாரில் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று ஒரு போராட்டம், வேண்டும் என்று ஒரு அரசாங்கம், நாடெங்கும் பற்றரி வைக்கப்போகிறோம் என்று ஒரு அறிவிப்பு. எல்லாவற்றையும் வாசித்த ஒருவருக்கு இயல்பாக எழும் கேள்வி: மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேமித்து வைத்து, இல்லாதபோது எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? இதில் என்ன இவ்வளவு சிக்கல்?

கேள்வி சரியானதுதான். ஆனால் "சேமிப்பது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வெவ்வேறு வேலைகள், மூன்றுக்கும் விலை வேறு, கருவியும் வேறு. எவ்வளவு நேரத்துக்குச் சேமிக்கிறோம், அந்தச் சேமிப்பை வருடத்தில் எத்தனை தடவை நிரப்பி எடுக்கிறோம் என்ற இரண்டையும் கேட்காமல் பற்றரி பற்றிப் பேசுவதில் பயனில்லை.

முதலில் இரண்டு அளவுகள்

செய்திகளில் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். மெகாவோட் என்பது வேகம். மெகாவோட் மணி என்பது கொள்ளளவு. மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியில் குழாயின் விட்டம் ஒன்று, தாங்கியில் எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பது வேறொன்று, அதே கதை. வீட்டு மின்பட்டியலில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவோட் மணி, ஆயிரம் யூனிட் சேர்ந்தால் ஒரு மெகாவோட் மணி.

மின்சார சபை 2025-இல் விலைமனுக் கோரிய பற்றரித் திட்டத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். 16 உப மின்நிலையங்கள், ஒவ்வொன்றிலும் 10 மெகாவோட், 40 மெகாவோட் மணி. மொத்தம் 160 மெகாவோட், 640 மெகாவோட் மணி. அதாவது முழு வேகத்தில் திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்தில் காலி. மாதம் 90 யூனிட் பாவிக்கும் வீடுகள் என்று வைத்துக்கொண்டால், சுமார் இரண்டு இலட்சம் வீடுகளின் ஒரு நாள் தேவை. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மன்னாரில் ஏற்கெனவே நிற்கும் தம்பபவனி காற்றாலை, தலா 3.45 மெகாவோட் வீதம் 30 காற்றாடிகள், மொத்தம் 103.5 மெகாவோட், இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை முழு வேகத்தில் சுழன்றால் 724 மெகாவோட் மணி வரும். பதினாறு இடத்துப் பற்றரியும் சேர்ந்து ஒரு காற்றாலையின் ஓர் இரவைப் பிடிக்காது.

அப்படிப் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை என்பது வேறு விஷயம். இரவிலும் நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதில் பெரும்பகுதி நேரடியாகச் செலவாகிவிடும், சேமிப்புக்கு வருவது மிஞ்சுவது மட்டும்தான்.

காற்று எப்போது வருகிறது

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் காலநிலை வரைபடம் எதுவும் தேவைப்படாது. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை அடிக்கும். வடகிழக்கு வாடை மார்கழி, தையில் வரும், ஆனால் சோளகத்தின் பலம் அதற்கு இல்லை. இடையில் பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் காற்று ஓய்ந்து கிடக்கும்.

காற்றாடிக்கு இந்த ஏற்ற இறக்கம் நாம் நினைப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் சக்தி இரு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். வினாடிக்கு 6 மீற்றர் வீசிய காற்று 12 மீற்றராக ஏறினால் அதில் எட்டு மடங்கு சக்தி இருக்கிறது. 6 மீற்றருக்குத் திரும்பினால் எட்டில் ஒரு பங்குதான். ஆகவே காற்றாலை மெதுவாக ஏறி மெதுவாக இறங்குவதில்லை. அள்ளித் தரும், அப்புறம் கையை விரிக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பெப்ரவரி இருட்டும் சித்திரை வேண்டுகோளும் சோளகம் வீசாத காலத்தில் வந்தவை. அந்தத் தொல்லைகளைத் தந்தது பகல் வெயில். காற்றுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. காற்றின் பருவம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு செய்திகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் "காற்றாலை வேண்டாம், ஏற்கெனவே மின்சாரம் கூடிப்போய்விட்டது" என்ற வாதம் பலரிடம் வந்து சேர்ந்தது.

கரண்ட் எப்போது வேண்டும்

இலங்கையின் மின் தேவை மாலை ஆறரைக்கு மேல் ஏறி, பத்தரைக்குப் பிறகு இறங்கும். நேரத்துக்கு நேரம் விலை மாறும் மின்மானி வைத்திருப்பவர்களுக்கு இது பட்டியலிலேயே இருக்கிறது: ஆறரையிலிருந்து பத்தரை வரை உச்ச விலை. காலையில் அடுப்படி விளக்குகள் எரிகிற நேரத்தில் ஒரு சின்ன ஏற்றம். நள்ளிரவுக்குப் பிறகு நாடு தூங்குகிறது. மாலை உச்சத்தைச் சமாளிக்க நீர் மின் நிலையங்கள் போதாதபோது எரிஎண்ணெய், டீசல் நிலையங்களை ஓட்டுகிறார்கள், நம் பட்டியலில் வலிக்கிற பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

சரி, மிஞ்சினால் ஏன் நிறுத்த வேண்டும்?

மின்கட்டமைப்பில் சேமிப்பு எதுவும் இல்லாதவரை, அந்தந்த வினாடியில் உற்பத்தியாவதும் செலவாவதும் சமமாக இருக்க வேண்டும். சமம் குலைந்தால் 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் அசையும், அதிகம் அசைந்தால் இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொள்ளும். இனி, சோளகக் காலத்து ஒரு விடுமுறை நாளை எடுத்துப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. தேவை குறைவு. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் பூட்டு.

2. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் தலா 300 மெகாவோட் வீதம் மூன்று அலகுகள். அவற்றை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது, அணைத்தால் திரும்ப ஏற்றப் பல மணி நேரம், சில வேளை நாட்கணக்கு. ஆகவே மாலைக்கு வேண்டும் என்பதற்காகப் பகலிலும் நள்ளிரவிலும் அவற்றை ஓட விட்டே ஆக வேண்டும்.

3. கூரைச் சோலர் பல வீடுகளில் சிதறிக் கிடக்கிறது. கொழும்பில் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அறை அதை ஒரு பொத்தானில் குறைக்க முடியாது. அதனால்தான் சித்திரையில் "தயவுசெய்து" என்று கேட்டார்கள்.

4. மிச்சம் இருப்பது சொன்னால் கேட்கக்கூடிய நிலையங்கள்: பெரிய காற்றாலை, தரையில் பரப்பிய சோலர், நீர் மின் நிலையம். வெட்டு அங்கேதான் விழும்.

இப்படி வீசுகிற காற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காற்றாடியின் இறகைத் திருப்பி வைத்து உற்பத்தியைக் குறைப்பதற்குக் குறைப்பு என்று பெயர். எரிபொருள் செலவில்லாத மின்சாரம் அது. எரிகிற நிலக்கரிக்கு இடம்விட்டு, இலவசக் காற்றை அனுப்பிவிடுகிறோம். முட்டாள்தனம் போலத் தெரியும், ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் வேறு வழி இல்லை.

வினாடிக் கணக்கில் ஒரு சேமிப்பு

மூன்று வேலைகளில் முதலாவது, யாரும் அதிகம் பேசாதது. பெரிய நிலையம் ஒன்று திடீரென்று விழுந்தால் முதல் சில வினாடிகளை யார் தாங்குவது?

பழைய வகை நிலையங்களில் நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள சுழலிகள் மின்கட்டமைப்போடு பூட்டப்பட்டு ஒரே தாளத்தில் சுழல்கின்றன. கடுகண்ணாவை இறக்கத்தில் பாரம் ஏற்றிய லொறியை நினைத்துப் பாருங்கள், இயந்திரத்தை நிறுத்தினாலும் அது சட்டென்று நிற்காது. அந்தச் சுழலும் பாரம் தரும் சில வினாடி அவகாசத்தில்தான் மற்ற நிலையங்கள் விழித்துக்கொள்கின்றன. சோலர் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. நவீன காற்றாடி சுழல்கிறது, ஆனால் இடையில் மின்னணுக் கருவி ஒன்று நிற்பதால் அந்தச் சுழற்சியின் பாரம் தானாகக் கட்டமைப்புக்குப் போய்ச் சேராது. பெப்ரவரி 9 பற்றி மின்சார சபை பின்னர் தந்த விளக்கத்தின் சாரமும் இதுவே: ஞாயிறு, தேவை குறைவு, சோலர் அதிகம், சுழலும் பாரம் குறைவு, ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் திராணி இருக்கவில்லை. குரங்கு ஒரு சாட்டு. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் விழுந்ததில், அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டும் சேர்ந்து வந்தது.

பற்றரி இந்த வேலையில் கெட்டி. ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் முழு வேகத்தில் மின்சாரம் தள்ளும். தென் ஆஸ்திரேலியா 2016 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் இருண்டு போனது. அடுத்த ஆண்டே ஹோர்ன்ஸ்டேல் என்ற காற்றாலைக்குப் பக்கத்தில் 100 மெகாவோட், 129 மெகாவோட் மணி பற்றரியை வைத்தார்கள். அதன் கொள்ளளவைப் பாருங்கள், முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம்தான். இரவுக் காற்றைப் பகலுக்குக் கொண்டுபோக அது போதாது, ஆனால் அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிப்பதில் பேர் வாங்கியது. இந்தக் காவல் இருந்தால் காற்றுக்கும் வெயிலுக்கும் கூடுதல் இடம் கொடுக்கலாம், சுழலும் பாரம் வேண்டும் என்பதற்காகவே நிலக்கரியை ஓட்டும் தேவையும் குறையும். அதாவது ஒரு யூனிட் காற்றைக்கூடத் தன்னுள் சேமிக்காமலே பற்றரி காற்றைக் காப்பாற்றும். ஒரு நிபந்தனை: பற்றரி மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு ஏற்றதாக மாற்றும் கருவிதான் இன்வேட்டர், அந்த 50 ஹெர்ட்ஸ் தாளத்தைத் தானே போடத் தெரிந்த இன்வேட்டரோடு வாங்க வேண்டும். மற்றவர்களின் தாளத்துக்கு ஆடும் மலிவு இன்வேட்டரை வாங்கிவிட்டு இந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. விலைமனுவில் குறைந்த விலையை மட்டும் பார்த்தால் நழுவிப்போகும் விஷயம் இது.

மணிக் கணக்கில்: பற்றரியின் விலையை எப்படிப் பார்ப்பது

இரண்டாவது வேலைதான் எல்லோர் மனதிலும் இருப்பது. மிஞ்சும் நேரத்தில் நிரப்பி மாலை ஆறரைக்குத் திறப்பது.

பற்றரி விலை விழுந்தது விழுந்ததுதான். லித்தியம் பற்றரிப் பொதி ஒன்று 2010-இல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் இருந்தது, 2024-இல் உலகச் சராசரி 115 டொலர். அதோடு இன்வேட்டர், குளிரூட்டி, கட்டடம், கேபிள் எல்லாம் சேரும். கணக்குக்காக 200 டொலர் என்று ஓர் எடுகோளை வைத்துக்கொள்வோம், வட்டியையும் பராமரிப்பையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். இனி அதே பற்றரியை மூன்று விதமாகப் பாவிக்கிறோம்:

1. தினமும் ஒரு தடவை நிரப்பி எடுத்தால், பதினாறு ஆண்டில் ஏறக்குறைய 6,000 தடவை. 200 டொலரை 6,000-ஆல் வகுத்தால் ஒரு யூனிட்டுக்குச் சேமிப்புச் செலவு 3.3 அமெரிக்க சதம்.

2. சோளகத்தில் மிஞ்சும் இரவுகளுக்கு மட்டும், ஆண்டுக்கு நூறு தடவை, பதினைந்து ஆண்டு. 1,500 தடவை, 13 சதம்.

3. ஆடியில் நிரப்பி ஐப்பசியில் எடுப்பது, ஆண்டுக்கு ஒரே தடவை, இருபது ஆண்டு. ஒரு யூனிட்டுக்குப் பத்து டொலர்.

பற்றரி ஒன்றுதான், மின்சாரமும் ஒன்றுதான். மூன்று சதத்திலிருந்து பத்து டொலர் வரை போவது எத்தனை தடவை பாவிக்கிறோம் என்பதால் மட்டும். "பற்றரி மலிவாகிவிட்டது" என்பவரும் "பற்றரி கட்டுப்படியாகாது" என்பவரும் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வதும் இதனால்தான், இருவரும் வெவ்வேறு வரியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள்.

மன்னாரில் 50 மெகாவோட் திட்டம் ஒன்று ஒரு யூனிட் 4.65 அமெரிக்க சதத்துக்குக் கொடுக்கப்பட்டது. நல்ல விலை. பற்றரிக்குள் போய்த் திரும்பும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து யூனிட் சூடாகப் போய்விடும். 87 திரும்பினால் 4.65 சதம் 5.3 ஆகிறது. முதல் வரியின் 3.3 சதத்தைச் சேர்த்தால் எட்டரைக்குச் சற்று மேல். அதானி நிறுவனம் 2025-இல் கைவிட்டுப் போன 484 மெகாவோட் மன்னார், பூநகரித் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த விலை 8.26 சதம், அதுவும் சேமிப்பு எதுவும் இல்லாமல், காற்று வீசும்போது வரும் மின்சாரத்துக்கு. வட்டியைச் சேர்த்தால் நம் எட்டரை இன்னும் ஏறும், ஆனாலும் மாலை உச்சத்தில் எரிஎண்ணெய்க்குக் கொடுக்கும் விலையோடு வைத்துப் பார்த்தால் தாராளமாக இடம் இருக்கிறது.

ஆகவே கேள்வி, முதல் வரியில் எப்படி நிற்பது? காற்றை மட்டும் நம்பினால் இரண்டாவது வரிக்குத்தான் போவோம். பற்றரிக்குத் தினச்சோறு போடுவது வெயில்தான், வருடம் முழுவதும் பகலில் நிரப்பும். சோளகக் காலத்தில் அதே பற்றரிக்கு இரண்டாவது வேளையும் கிடைக்கும்: பகலில் நிரப்பி மாலையில் காலி செய்து, நள்ளிரவுக்குப் பிறகு காற்றால் மறுபடி நிரப்பி, காலைச் சமையல் நேரத்தில் ஒரு தரம் எடுக்கலாம். காற்றுக்கென்று தனிப் பற்றரி வாங்குவதைவிட, சோலருக்கு வாங்கிய பற்றரியில் காற்று ஒண்டிக்கொள்வது கட்டுப்படியாகும் வழி.

தாமரைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தாங்கி

பற்றரிக்கு முந்திய, இன்றும் பெரிய அளவில் நம்பப்படும் முறை தண்ணீரை மேலே ஏற்றுவது. மிஞ்சும் மின்சாரத்தில் கீழ்க்குளத்து நீரை மேல்குளத்துக்கு இறைத்து, வேண்டும்போது கீழே விட்டுச் சுழலியைச் சுற்றுவது. நூறு யூனிட் போட்டால் எழுபது எண்பது திரும்பும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை ஒரு தரம் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. மொட்டைமாடியில் நிற்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கியை நிரப்பி, கொழும்புத் தாமரைக் கோபுரத்தின் உச்சிக்கு, 350 மீற்றருக்கு, தூக்கிக்கொண்டு போனால் அதில் சேமித்த சக்தி எவ்வளவு? ஒரு யூனிட்கூட முழுதாக இல்லை, 0.95. ஒரு மின்விசிறி பன்னிரண்டு மணி நேரம் சுற்றும். அதே ஒரு யூனிட்டைப் பிடிக்கும் லித்தியம் பற்றரியை ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆகவே இந்த முறைக்கு மலை வேண்டும், இரண்டு பெரிய குளம் வேண்டும், நடுவில் குடைந்த சுரங்கம் வேண்டும். கட்டிவிட்டால் பல தசாப்தம் நிற்கும், பற்றரியைப் போல ஆண்டுக்கு ஆண்டு தேயாது.

தமிழ்நாட்டில் வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவோட் நிலையம் 1987 முதல் இப்படி இயங்குகிறது. நம்மிடம் திட்டத்தில் இருப்பது மகா ஓயா, அரநாயக்கவுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில், 600 மெகாவோட். பல ஆண்டு கட்ட வேண்டும். 2016 மே மாதத்தில் பெரும் மண்சரிவு நடந்த அரநாயக்க அது, ஆகவே மண்ணையும் பாறையையும் பற்றி அவசரப்படாமல் பார்ப்பதில் தப்பில்லை. ஹைட்ரஜன் பற்றியும் அடிக்கடி செய்தி வருகிறது. மின்சாரமாகத் திரும்ப எடுத்தால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் மிஞ்சும், இப்போதைக்கு இந்த வேலைக்கு அது வேண்டாம்.

ஏற்கெனவே கையில் இருக்கும் சேமிப்பு

இதற்கெல்லாம் முன்னால், காசு செலவில்லாத ஒரு சேமிப்பு உண்டு: மலைநாட்டு நீர்த்தேக்கங்கள். காற்று வீசும் நேரத்தில் விக்டோரியாவின் 210 மெகாவோட் நிலையத்தை நிறுத்தி, அந்தத் தண்ணீரை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். இறைக்கத் தேவையில்லை, இழப்பும் கிட்டத்தட்ட இல்லை. டென்மார்க் பல ஆண்டுகளாகச் செய்வது இதுதான். காற்று மிஞ்சினால் கடலடிக் கேபிள் வழியாக நோர்வேக்கு அனுப்புகிறது, நோர்வே தன் அணைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, காற்று நின்றால் அங்கிருந்து மின்சாரம் திரும்பி வருகிறது.

நமக்கு இது ஓரளவுக்குத்தான் வாய்க்கும். இரண்டு காரணம், இரண்டும் நம் மண்ணுக்கே உரியவை.

1. மன்னாரில் சோளகமாக வீசும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மலையின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டுகிறது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பும் காலமும் மன்னாரில் காற்றாடி வெறி பிடித்துச் சுழலும் காலமும் ஒன்று. வான்கதவு திறக்கும் நிலையில் நீர் மின் நிலையத்தை நிறுத்தினால் தண்ணீர் சும்மா களனி கங்கையில் போகும். காற்றை வீணாக்குவதா, தண்ணீரை வீணாக்குவதா என்பதுதான் அந்த நாளின் தேர்வு.

2. மகாவலித் தண்ணீர் மின்சாரத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. சிறுபோகம் நடக்கும் மாதங்களும் சோளக மாதங்களும் ஒன்றோடொன்று விழுகின்றன. வயலுக்கு நாள் குறித்துத் திறக்கும் தண்ணீரை, மன்னாரில் காற்று பலமாக இருக்கிறது என்பதற்காக அடைத்து வைக்க முடியாது.

மூன்றாவது வேலையான மாதக் கணக்குச் சேமிப்புக்கு, ஆடிக் காற்றை அடுத்த பங்குனிக்குக் கொண்டுபோவதற்கு, இந்த நீர்த்தேக்கங்களை விட்டால் நம்மிடம் வேறு எதுவும் இல்லை. பற்றரியில் அது ஒரு யூனிட்டுக்குப் பத்து டொலர் என்று பார்த்தோம். ஆகவே எந்த நாளில் எந்தத் தேக்கத்தில் எவ்வளவு பிடித்து வைப்பது என்ற கணக்கைக் காற்று முன்னறிவிப்போடு சேர்த்துச் செய்வது, பற்றரி வாங்குவதைவிட அவசரமான வேலை என்றே தோன்றுகிறது. திறப்பு விழாவுக்கு அதில் வாய்ப்பில்லை என்பதால் அதைப் பற்றிச் செய்தியும் வருவதில்லை.

எங்கே வைப்பது? கேபிள் போட்டால் போதாதா?

பற்றரியை மன்னார் நடுக்குடாவில், காற்றாலைக்குப் பக்கத்திலேயே வைத்தால், காற்றாலைகள் கூடும்போது அங்கிருந்து அநுராதபுரம் பக்கம் போகும் மின்கம்பியில் நெரிசல் குறையும், கம்பி இரவும் பகலும் சீராக வேலை செய்யும். கொழும்பைச் சுற்றி வைத்தால் மாலை உச்சத்தைத் தாங்கும், சோலரையும் பிடிக்கும். மேலே பார்த்த கணக்கின்படி தினமும் வேலை கிடைக்கும் இடம்தான் முக்கியம். ஆகவே 16 இடங்களில் பரப்பி வைக்கும் யோசனை காற்றாலை வாசலிலேயே வைப்பதைவிடக் கெட்டிக்காரத்தனம், மன்னாரில் காற்றாலைகள் பெருகினால் அந்தப் பதில் மாறலாம்.

இந்தியாவோடு கேபிள் இணைப்பு பற்றி 2025 ஏப்ரலில் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கையெழுத்தானது. மிஞ்சுவதை விற்கலாம் என்கிறார்கள். அதில் ஓர் இடறல்: மன்னாரில் சோளகம் அடிக்கும்போது தமிழ்நாட்டின் காற்றாலைப் பகுதியான முப்பந்தலிலும் அதே காற்றுத்தான் அடிக்கிறது, தமிழ்நாடும் அந்நேரம் மிஞ்சும் காற்றோடுதான் நிற்கும். இந்தியக் கட்டமைப்பு பெரியது, எங்கோ ஒரு மாநிலம் வாங்கும், ஆனால் விலை நாம் சொல்வதாக இருக்காது.

மன்னாரின் கேள்வி வேறு

2025 ஓகஸ்டில் மன்னாரில் மக்கள் தெருவில் இறங்கியபோது கொழும்பில் பலர் அதை "முன்னேற்றத்துக்கு எதிர்ப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்கள். மன்னார் மக்கள் சொன்னது நிலத்தடி நீர், மழைநீர் வடிவது, காணி, கரையோரத் தொழில். பறவைகள் வேறு: வங்காலைச் சரணாலயம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது, வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளின் இறங்குதளம். பற்றரி இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது. ஆனால் ஒன்று செய்யலாம். நிற்கிற காற்றாடி தருவதை முழுதாகப் பிடித்துவிட்டுத்தான் அடுத்த காற்றாடிக்குக் குழி வெட்டுகிறோம் என்று சொல்லும் நிலை வந்தால், தீவில் இன்னும் எத்தனை வேண்டும் என்ற பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

நெடுந்தீவில் கணக்கு சுலபம்

பெருநிலத்துக் கட்டமைப்போடு இணையாத தீவுகளில் இந்தக் குழப்பம் பாதியாகக் குறைகிறது, ஏனென்றால் அங்கே போட்டி படகில் ஏற்றிக் கொண்டுபோகும் டீசலோடு. எழுவைதீவில் காற்று, சோலர், பற்றரி, டீசல் நான்கும் சேர்ந்த சிறிய நிலையம் ஏற்கெனவே உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தில் 530 கிலோவோட் காற்று, 1,700 கிலோவோட் சோலர், 2,400 யூனிட் பிடிக்கும் பற்றரி. காற்றாடிகள் மட்டும் முழு வேகத்தில் சுற்றினால் அந்தப் பற்றரி நாலரை மணி நேரத்தில் நிரம்பிவிடும், டீசலின் விலையில் பார்த்தால் நிரப்பி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இலாபம்.

அதே திட்டத்தில் 2,500 கிலோவோட் டீசல் ஜெனரேற்றரும் இருக்கிறது. ஐப்பசியில் காற்று ஓய்ந்து, மூன்று நாள் தொடர்ந்து மழை மூடிக்கொண்டால் தீவுக்கு வெளிச்சம் தரப்போவது அதுதான்.